எண்ணெய் வழியும் மாநிறத் தோலில் எந்தப் புருவம் நிற்கும்: மைக்ரோபிளேடிங்கா, பவுடரா, நேனோவா?

ஜூன் 2 (கேள்வி)

செப்டம்பர் முதல் வாரம் கல்யாணம். இரண்டு புருவத்திலும் வால் பகுதி காணாமல் போய்விட்டது, தினமும் பென்சில்தான். அதனால் ஊசியால் தோலுக்குள் நிறமி ஏற்றிப் புருவம் போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். மைக்ரோபிளேடிங் என்றால் ஒவ்வொரு முடியாகக் கோடு போடுவார்கள், இயற்கையாக இருக்கும், புள்ளி புள்ளியாக நிறம் தூவும் பவுடர் செய்தால் ரப்பர் ஸ்டாம்ப் அடித்த மாதிரி இருக்கும் என்றுதான் எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். எனக்கு மதியத்துக்குள் நெற்றி, மூக்கு எல்லாம் எண்ணெய் வழியும். மாநிறம். மைக்ரோபிளேடிங்கே செய்துகொள்ளட்டுமா?

ஜூன் 2, இரவு

வேண்டாம். உங்கள் தோலுக்கு அது சரிவராது. மெஷினில் செய்யும் பவுடர் ஷேடிங் கேளுங்கள். மூக்குப் பக்கம் மங்கலாக ஆரம்பித்து வாலுக்குப் போகப் போக அடர்த்தி கூடுகிற மாதிரி.

வீடியோவில் காட்டும் புருவங்கள் வேலை முடிந்த அரை மணி நேரத்துக்குள் எடுத்தவை. அப்போது மைக்ரோபிளேடிங் கோடுகள் பேனாவில் வரைந்த மாதிரி கூர்மையாக இருக்கும். பவுடர் பட்டையாக, பயமுறுத்துகிற மாதிரி இருக்கும். ஆறு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். பவுடர் நன்றாக வெளுத்து, ஐ ஷேடோவை லேசாகத் தடவியது போல நிற்கும். எண்ணெய்த் தோலில் போட்ட கோடுகளோ விரிந்து பக்கத்துக் கோட்டோடு ஒட்டத் தொடங்கியிருக்கும்.

ஸ்டூடியோவில் கேட்க வேண்டியது இதுதான்: உங்கள் நிறமும் எண்ணெய்ப் பசையும் உள்ள ஒருவருக்குச் செய்த புருவம், ஒரு வருடம் கழிந்து, ஃபில்டர் இல்லாமல் எடுத்த படம். அது இல்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

ஜூன் 3

கோடு ஏன் நிற்காது என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு முறைகளையும் பிரித்துச் சொன்னால்தான் விளங்கும்.

மைக்ரோபிளேடிங்கில் மெஷின் கிடையாது. கைப்பிடியின் முனையில் 7 முதல் 18 வரை மெல்லிய ஊசிகள் ஒரே வரிசையில், சீப்புப் பல் போல நிற்கும். பார்வைக்கு பிளேடு. அதை இழுத்தால் தோலில் ஒரு கீறல் விழும், அந்தக் கீறலுக்குள் நிறமி இறங்கும். நேனோ என்பது மெஷினில் ஒற்றை ஊசி. 1ஆர்எல் என்று கார்ட்ரிட்ஜில் (மெஷினில் மாட்டும் ஊசிக் கூடு) போட்டிருக்கும், ஊசியின் கனம் 0.18 முதல் 0.30 மி.மீ. வரை. அதுவும் முடி மாதிரிக் கோடுதான், ஆனால் கீறாமல் நெருக்கமான புள்ளிகளாகக் குத்திக்கொண்டே போகும். பவுடருக்கும் அதே மெஷின், அதே ஒற்றை ஊசி போதும். புள்ளிகளுக்கு இடையே வெற்றிடம் விட்டுத் தூவுவார்கள். ஆம்ப்ரே என்றால் அதையே முன்பக்கம் மங்கலாக, வால் பக்கம் அடர்த்தியாகச் செய்வது. காம்போவில் முன்பக்கம் கோடு, மீதி ஷேடிங்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோடு கோடாகத் தெரிவதற்குக் காரணம் அதன் இரு பக்கமும் உள்ள வெறும் தோல். நிறமி கொஞ்சம் பக்கவாட்டில் கசிந்தாலே அந்த இடைவெளி நிரம்பி, இரண்டு கோடும் சேர்ந்து ஒரு சாம்பல் பட்டை ஆகிவிடும். தடித்த தோல், பெரிய துவாரம், எண்ணெய்ப் பசை உள்ள முகத்தில் இந்தக் கசிவு அதிகம். பவுடரில் புள்ளிகள் விரிந்தால் என்ன ஆகும்? ஷேடு இன்னும் கொஞ்சம் மென்மையாகும், அவ்வளவுதான். பாழானாலும் அசிங்கமாகப் பாழாகாத முறை பவுடர்.

தினமும் மின்விசிறிக்குக் கீழே வியர்த்து, முகம் மூன்று முறை கழுவும் சென்னை வாழ்க்கைக்கு இந்தக் குணம் முக்கியம்.

ஜூன் 3, இன்னொன்று

ஆழம் பற்றி ஒரு வரி: ஊசி 1.5 மி.மீ. இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் உதிர்ந்துவிடும், கூடினால் நீலம் பாயும்.

ஜூன் 5

மேலே 1.5 மி.மீ. என்று எழுதியது தவறு. அது கார்ட்ரிட்ஜ் முனைக்கு வெளியே ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் அளவு. குத்தும்போது தோல் உள்வாங்கிக் கொடுக்கும், அதனால் உள்ளே இறங்குவது அதைவிட மிகக் குறைவு. முகத்தில் மேல்தோல் சுமார் 0.1 மி.மீ.தான். நிறமி தங்க வேண்டியது அதற்குச் சற்றே கீழே, உள்தோலின் மேல்விளிம்பில். மேல்தோலிலேயே நின்றுவிட்டால் சுமார் நான்கு வாரத்தில் செதிலோடு உதிர்ந்து போகும். உள்தோலின் அடிப்பகுதி வரை போனால் பழுப்பு நிறமி கூட சாம்பலாக, நீலமாகத் தெரியும்.

இத்தனை மெல்லிய அடுக்கை யாரும் அளவுகோல் வைத்து அளக்க முடியாது. கண்ணும் காதும் விரலும்தான் அளவு. மெஷின் சரியான அடுக்கில் ஓடும்போது துடைத்த இடத்தில் புள்ளிகள் தெளிவாக இருக்கும், ஒரு நிமிடத்தில் பனித்துளி மாதிரி நிணநீர் அரும்பும், தோல் லேசாகச் சிவக்கும். ரத்தம் முத்து முத்தாக வந்தால் ஆழம் போய்விட்டது என்று அர்த்தம். பிளேடில் சரியான அழுத்தத்துக்கு ஒரு சத்தம் உண்டு, பட்டுத் துணி மெல்லக் கிழிவது போல. சத்தமே இல்லையென்றால் மேலோட்டமாகக் கீறுகிறார்கள். கீறிய கோட்டின் இரண்டு உதடும் திறந்து தெரிந்தால் வெட்டிவிட்டார்கள், அது தழும்பாகத்தான் ஆறும்.

ரத்தம் இன்னொரு வழியிலும் கெடுக்கும். ஊற்றெடுக்கும் ரத்தம் நிறமியை வெளியே தள்ளிவிடும், அதனால் பிடிக்கவில்லை என்று நினைத்து மேலும் மேலும் அழுத்துவார்கள். முதல் அமர்வில் இரண்டு, மிஞ்சினால் மூன்று சுற்று. அதற்கு மேல் அந்தத் தோலில் கை வைக்கக் கூடாது.

ஜூன் 6

கை வேகமும் ஊசி வேகமும் ஒத்துப் போகவில்லை என்றால் நல்ல மெஷினும் வீண். ஊசி வேகமாக அடிக்க, கை மெதுவாக நகர்ந்தால் ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் மாவாகிவிடும். ஆறியதும் அந்த இடம் பளபளவென்று நிறமே பிடிக்காமல் நிற்கும். கை ஓட, ஊசி பின்தங்கினால் கடுகு சிதறியது போலத் திட்டுத் திட்டாகப் புள்ளி.

தோலை இழுத்துப் பிடிப்பது பாதி வேலை. இடது கையின் இரண்டு விரல் ஒரு பக்கம், மெஷின் பிடித்த கையின் சுண்டுவிரல் எதிர்ப்பக்கம், மேளத் தோல் மாதிரி விறைப்பாக. தளர்ந்த தோலில் ஊசி குதிக்கும்.

ஜூன் 8

நிறமி. ஸ்டூடியோக்காரர்கள் சொல்லாமல் விடுவது இதுதான். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், சிஐ எண்கள் (ஒவ்வொரு நிறமிக்கும் உள்ள குறியீட்டு எண்) இருக்கும். 77491 சிவப்பு இரும்பு ஆக்ஸைடு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு. 77266 என்றால் கார்பன் கறுப்பு. 77891 டைட்டானியம் டை ஆக்ஸைடு, வெள்ளை.

இரும்பு ஆக்ஸைடு பழுப்பு சீக்கிரம் வெளுக்கும், வெளுக்கும்போது செம்மண் நிறத்துக்குப் போகும். சில வருடப் பழைய புருவங்கள் சிவப்பாக இருப்பது இதனால். கார்பன் துகள் மிகப் பொடி, நீண்ட நாள் இருக்கும், வெளுக்கும்போது சாம்பலாகவோ நீலமாகவோ தெரியும். இப்போது வரும் பெரும்பாலான பாட்டில்களில் இரண்டும் கலந்திருக்கும்.

நம் தோலில் ஒரு கூடுதல் சங்கதி. நிறமி கீழே இருக்கிறது, அதன் மேல் நம் சொந்த மெலனின் ஒரு பழுப்புக் கண்ணாடி போல மூடியிருக்கிறது. பாட்டிலில் அழகாகத் தெரியும் குளிர்ச்சியான பழுப்பு அந்தக் கண்ணாடி வழியே சாம்பல் பூத்துத் தெரியும். அதனால் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 10 சொட்டு அடர் பழுப்புக்கு 1 சொட்டு ஆரஞ்சு சேர்ப்பது வழக்கம், தேவைப்பட்டால் 2. "தலைமுடி கறுப்பு, அதனால் கறுப்பு நிறமி" என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். நம் கறுப்பு முடி புருவத்தில் கலந்திருக்கும்போது பின்னணிக்கு அடர் பழுப்புதான் தேவை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 4 முதல் டாட்டூ மையிலும் நிரந்தர மேக்கப் நிறமியிலும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்த விதிக்கு ஏற்ற பாட்டிலில் உட்பொருள் பட்டியல், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அச்சிட்டிருக்கும். எந்த எண்ணும் இல்லாத பாட்டிலைத் தோலுக்குள் விடாதீர்கள்.

ஜூன் 9

வலிக்கு என்ன போடுவார்கள் என்று கேட்டவருக்கு: லிடோகெயின் 2.5%, பிரிலோகெயின் 2.5% கலந்த கிரீம். பருமனாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி 30 முதல் 45 நிமிடம். கண்ணுக்குள் வழிந்தால் விழிப்படலத்தைப் புண்ணாக்கும், அதனால் புருவத்துக்குக் கீழே இறங்காமல் பூச வேண்டும். ஆரம்பிக்கும் முன் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும், பிசுபிசுப்பு மிச்சமிருந்தால் நிறமி வழுக்கும்.

ஆன்லைனில் 10% என்று விற்கும் டியூப்களைத் தொடாதீர்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 மார்ச்சில் லிடோகெயின் 4%க்கு மேல் உள்ள மேற்பூச்சுகளைப் பற்றி எச்சரிக்கை விட்டது, டாட்டூவுக்கு முன் பூசுபவை உட்பட. அதிகம் உறிஞ்சப்பட்டால் இதயத் துடிப்பு தடுமாறும், வலிப்பு கூட வரலாம். ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் குறைவாக உள்ளவர்கள் பிரிலோகெயின் உள்ள கிரீமை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

ஜூன் 11

முதல் கேள்வியைத் திரும்பப் படித்தபோது முக்கியமான ஒன்றை விட்டுவிட்டது தெரிகிறது. "இரண்டு புருவத்திலும் வால் பகுதி காணாமல் போய்விட்டது." காணாமல் போய்விட்டது என்றால் முன்பு இருந்தது. வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு இரண்டு பக்கமும் உதிர்வது தைராய்டு சுரப்பு குறையும்போது வரும் ஒரு அடையாளம். அதிகமாக த்ரெட்டிங் செய்தாலும் போகும், சரும அழற்சியிலும் போகும், வட்டமாக முடி உதிரும் நோயிலும் போகும். புருவ முடி உதிர்வோடு தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோய்க்கும் பரிசோதிக்க வேண்டும், நம் நாட்டில் இதை மறக்கக் கூடாது.

ஊசி போடுவதற்கு முன் தைராய்டைக் காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள், தோல் மருத்துவரை ஒரு முறை பாருங்கள். தைராய்டு என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்தால் சில மாதங்களில் முடியே திரும்ப வரலாம். அப்போது வரைந்த வால் ஒரு பக்கம், முளைத்த வால் ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

இதை முதல் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 11, இரவு

அதே வரிசையில், தள்ளிப் போட வேண்டியவர்கள்: கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், புருவத்தின் மேலேயே சோரியாசிஸ் அல்லது எக்ஸிமா உள்ளவர்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் நிறுத்தி ஆறு மாதம் கழியட்டும். ரெட்டினால், ஆசிட் சீரம் எல்லாம் புருவத்தருகே இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் புருவத்துக்காக அதை நிறுத்தவே கூடாது. வேலைதான் தள்ளிப் போக வேண்டும், மாத்திரை அல்ல.

தழும்பு புடைக்கும் உடம்பா என்று பார்க்க உங்கள் தோள்பட்டையில் உள்ள பிசிஜி தழும்பையும் காது குத்திய இடத்தையும் தடவிப் பாருங்கள். தடித்துப் புடைத்திருந்தால் பிளேடு வேண்டவே வேண்டாம், மெஷினுக்கும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஜூன் 12

ஊசிக்கு முன் புருவத்தின் வடிவத்தை அளந்து வரையும் மேப்பிங்கை உட்கார வைத்துச் செய்ய வேண்டும். படுக்க வைத்தால் நெற்றித் தோல் காதுப் பக்கம் சரியும், அப்போது சமமாக வரைந்த இரண்டு புருவம் எழுந்து உட்கார்ந்ததும் ஒன்று ஏறி ஒன்று இறங்கி நிற்கும். மை தோய்த்த நூலை நெற்றியில் இழுத்து நடுக்கோடு, மேல்கோடு, கீழ்கோடு பதிப்பார்கள். மூக்கின் மடலிலிருந்து நேர்மேலே புருவத்தின் தொடக்கம், மடலிலிருந்து கண்ணின் வெளிமுனை வழியாகச் சாய்வாகப் போனால் வால் முடியும் இடம்.

காலிபரில் அளந்து இரண்டும் மி.மீ. சுத்தமாக ஒன்று என்று காட்டுவார்கள். அதில் மயங்காதீர்கள். பேசும்போது ஒரு பக்கப் புருவத்தை உயர்த்தும் பழக்கம் பலருக்கு உண்டு. வரைந்த பிறகு சிரித்து, பேசி, கண்ணாடியில் பாருங்கள். உங்கள் சொந்த முடி இருக்கும் எல்லையை விட்டு மேலே போக விடாதீர்கள். வெளியே போட்டால் கீழே முளைக்கும் முடிக்கும் மேலே உள்ள நிறத்துக்கும் நடுவே ஒரு வெள்ளை வரப்பு தெரியும்.

ஜூன் 14

நாள் கணக்கு. கல்யாணம் செப்டம்பர் முதல் வாரம். முதல் அமர்வு ஜூன் 20க்குள் முடிந்தால், ஆறு வாரம் கழித்து ஆகஸ்ட் 1 டச்-அப் (நிறம் பிடிக்காத இடத்தை நிரப்பும் இரண்டாம் அமர்வு), அது ஆற நான்கு வாரம், ஆகஸ்ட் 29. இடிக்காமல் வருகிறது. ஜூலை பிறந்துவிட்டால் விட்டுவிடுங்கள், கல்யாணத்துக்குப் பென்சிலே போதும்.

முதல் நாள் நினைத்ததைவிட அடர்த்தி. இரண்டாம், மூன்றாம் நாள் இன்னும் கறுக்கும், அம்மா பார்த்துப் பதறுவார். ஐந்தாம் நாளிலிருந்து செதில் உதிரும். பத்து, பதினான்காம் நாள் நிறமெல்லாம் போய்விட்ட மாதிரி இருக்கும், மேலே புதுத் தோல் பால் பூசியது போல மூடியிருக்கும். நான்காவது வாரத்தில் நிறம் மறுபடி மேலே வரும். பத்தாம் நாள் போன் போட்டு "எல்லாம் போயிடுச்சு" என்று அழுது, அந்த வாரமே டச்-அப் கேட்பவர்கள்தான் அதிகம். ஆறாத தோலில் மறுபடி குத்தினால் தழும்பு.

முதல் சில மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை சலைன் நனைத்த பஞ்சால் நிணநீரை ஒற்றி எடுக்க வேண்டும். காய விட்டால் தடித்த பொருக்கு கட்டி, விழும்போது நிறத்தையும் பிய்த்துக்கொண்டு போகும். பிறகு தினம் இரண்டு முறை மென்மையான கிளென்சரால் கழுவி, ஒற்றிக் காயவைத்து, பெட்ரோலியம் ஜெல்லி ஒரு அரிசி அளவு, இரண்டு புருவத்துக்கும் சேர்த்து. மினுமினுவென்று தெரிந்தால் அதிகம்.

நம் வீட்டுப் பழக்கங்களில் கெடுப்பவை: மஞ்சள். காயத்துக்கு நல்லது என்று பாட்டி வைப்பார், திறந்த தோலில் மஞ்சள் கறை வேறு, கிருமி வேறு. எண்ணெய்க் குளியல் இரண்டு வாரத்துக்கு வேண்டாம், வழிந்து வரும் எண்ணெயும் சீயக்காயும் செதிலை முன்கூட்டியே பிய்க்கும். இட்லிக் குண்டான் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். விபூதி இடுபவர்கள் புருவத்தைத் தொடாமல் நடுவில் சின்னதாக இட்டுக்கொள்ளுங்கள். த்ரெட்டிங் நான்கு வாரம் கழித்து செய்யலாம், நூல் பிடுங்குவது முடியை மட்டும்தான்.

ஜூன் 20

"எண்ணெய்த் தோலுக்கு பிளேடு வேண்டாம் என்றால் வறண்ட தோலுக்கு நல்லதா?" கேள்வி சரியான இடத்தைத் தொடுகிறது. முதலில் எழுதியதைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். வறண்ட, மெலிந்த, ஐம்பது வயதுத் தோலில் கோடு கூர்மையாகத் தங்கும்தான், ஆனால் அந்தத் தோல் சீக்கிரம் கிழியும், நீட்டிப் பிடிக்கவும் முடியாது. அங்கேயும் நேனோ மேல்.

அப்படியானால் பிளேடுக்கு எது மிச்சம்? சாதாரணத் தோல், துவாரம் சிறிதாக, ஏற்கெனவே முக்கால்வாசி முடி இருந்து, நடுவில் ஓரிரு இடைவெளி மட்டும் உள்ளவர்கள். பக்கத்தில் நிஜ முடி இருப்பதால் கோடு கொஞ்சம் விரிந்தாலும் மறைந்துவிடும். வயலின் ஓரத்தில் நாலு நாற்று நடுவது போல. வெறும் நிலத்தில் முழுப் புருவத்தையும் பிளேடால் நடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. கீமோ முடித்தவர்களுக்கும் முழுக்க உதிர்ந்தவர்களுக்கும் மென்மையான பவுடர் அடித்தளம், தேவையென்றால் மேலே சில நேனோ கோடுகள், அதுவும் புற்றுநோய் மருத்துவர் சரி சொன்ன பிறகு.

ஜூன் 23

பிடிக்கவில்லை என்றால் லேசர் இருக்கிறதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவ்வளவு சுலபம் இல்லை. இரும்பு ஆக்ஸைடும் டைட்டானியமும் உள்ள நிறமி மீது டாட்டூ அழிக்கும் கியூ ஸ்விட்ச்டு லேசர் பட்டதும் ஒரு நொடியில் கன்னங்கரேல் என்று ஆகலாம். சிவந்த ஃபெரிக் ஆக்ஸைடு கறுத்த ஃபெரஸ் ஆக்ஸைடாக மாறுவதுதான் காரணம். அதனால் வாலில் மிளகு அளவு இடத்தில் சோதித்துப் பார்த்து, சில வாரம் காத்திருந்துதான் தொடர வேண்டும். மாநிறத் தோலில் லேசர் நம் சொந்த நிறத்தையும் எடுத்துவிடும் அபாயம் வேறு. உப்புக் கரைசலை ஊசியால் செலுத்தி எடுப்பது மெதுவானது, எட்டு வார இடைவெளியில் பல அமர்வு, ஆனால் நிறம் மாறிக் கறுக்காது.

சாம்பல் பூத்த பழைய புருவத்தின் மேல் அடர் பழுப்பு அடித்து மறைப்பது மிக மோசம். ஆரஞ்சு திருத்த நிறமியால் மெல்லிய ஒரு சுற்று, ஆறிய பிறகு முடிவு செய்யலாம்.

ஜூலை 1

இரண்டு சின்ன விஷயம். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் புருவத்தில் நிறமி இருப்பதை டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். இரும்பு இருப்பதால் அரிதாக எரிச்சலோ வீக்கமோ வரலாம், எம்ஆர்ஐயைத் தவிர்க்க அது காரணம் ஆகாது. ரத்த தானம் செய்பவர்கள்: டாட்டூவுக்கு உள்ள 12 மாத இடைவெளி இதற்கும் பொருந்தும், படிவத்தில் மறைக்காதீர்கள்.

ஜூலை 6

"ஒன்றரை வருடத்தில் சுத்தமாகப் போய்விடும்" என்ற பேச்சு நிறைய வருகிறது. கோடுகள் 12 முதல் 18 மாதம், பவுடர் 2 முதல் 3 வருடம் என்று சொல்வது நன்றாகத் தெரியும் காலத்தை. நிழல் அதற்குப் பிறகும் இருக்கும், பலருக்கு முழுசாகப் போவதே இல்லை. அதனால்தான் வருடம் தவறாமல் டச்-அப் என்ற திட்டத்தை ஏற்காதீர்கள். பழைய நிறமி உள்ளே இருக்கும்போதே மேலே மேலே ஏற்றினால் நான்காவது வருடம் தார் ரோடு மாதிரி ஆகும், அதன் பிறகு எதுவும் பிடிக்காது. பாதிக்கு மேல் வெளுத்த பிறகுதான் அடுத்தது.

ஆகஸ்ட் 1 டச்-அப்புக்குப் போகும்போது: முகம் கழுவி, பென்சில் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்று கையில் இருக்கட்டும். நிறம் பிடிக்காத திட்டுகளை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். அடர்த்தி ஒரு படி கூட்டலாம். அகலத்தைக் கூட்ட விடாதீர்கள். புது ஊசி உறையை உங்கள் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும், முதல் முறை மிச்சமான நிறமிக் கிண்ணம் மேஜையில் இருந்தால் அதைக் கொட்டச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.